இரண்டாம் தட்டு

கிருஷ்ணகிரியில் வளம் என்றால் முதலில் கல்.
கலெக்டர் ஆபீசில் அதற்கென்றே ஒரு துறை உண்டு.
மலையை அறுத்தெடுத்த கறுப்புக் கல்
நடைச்சீட்டு இல்லாமல்
சுங்கச்சாவடி தாண்டக் கூடாது.

எங்கள் பல்கலைக்கழகத்தில்
தரைத்தளம், லிஃப்ட்டுக்குப் பின்னால்,
என் அறைக் கதவில் மனிதவளம் என்றிருக்கிறது.
அதைக் கனிமவளம் என்று வாசித்துவிட்டு
ஒரு லாரி ஓனர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.
தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.
தப்பா வந்துட்டேம்மா என்றார்.
அவ்வளவு தப்பில்லை என்று எனக்குப் பட்டது.

வேலைக்குச் சேரும் நாளில்
எல்லாரும் சிரித்த முகமாக வருகிறார்கள்.
'ஒரிஜினல் எல்லாம் கொடுத்துடுங்க சார்,
பத்திரமா இருக்கும்.'
ஏழு வருடத்தில் இதை
எத்தனை தரம் சொன்னேன் என்பது
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம்,
முனைவர் பட்டத்தின் தங்க எழுத்து,
எல்லாம் ஒரே காக்கி உறைக்குள்.
எண் போட்டு, கையெழுத்து வாங்கி,
இரும்பு அலமாரி.
கதவை முழங்காலால் எத்தினால்தான்
பூட்டு விழும்.

பிறகு,
ஒன்பது ஐந்துக்கு மேல் வந்த விரல்களை
அரைநாள் விடுப்பாக மாற்றுவேன்.
ஆய்வுக் குழு வரும் வாரம்
வெளியூர் வேனில் வந்திறங்கும்
பதினோரு பேராசிரியர்களுக்கு
அடையாள அட்டை அடிப்பேன்.
படத்தில் பதினோரு பேருக்கும் ஒரே டை.
நான்தான் மாட்டிவிட்டேன்.
பேறுகால விடுப்பு கேட்ட நஸ்ரீன் தாஜின் மனுவில்
'பரிசீலனையில்' என்று எழுதி வைத்தேன்,
அவள் குழந்தை குப்புற விழும் வரைக்கும்.

திம்மராயன், கணிதம், உறை எண் 86.
நேற்று நாலரைக்கு வந்தார். உட்காரவில்லை.
நாளைக் காலை பத்து மணிக்கு
சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு.
அரசுக் கல்லூரி. நாற்பத்தொரு வயதில்.

விதி எனக்குத் தெரியும், தட்டச்சு செய்ததே நான்:
விலகுவோர் மூன்று மாத முன்னறிவிப்பு தரவேண்டும்,
அல்லது மூன்று மாதச் சம்பளம்.
நாங்கள் அவருக்குத் தரவேண்டியது நாலு மாதம்.
கழிச்சுக்கலாமே மேடம் என்றார்
கணக்கு வாத்தியார்.
விதியில் கழித்தல் இல்லை.

பதிவாளர் போனை எடுக்கவில்லை.
தாளாளர் பெங்களூரில்.
ஐந்தரைக்கு மாங்கூழ் ஆலையின் புளித்த வாசனை
ஜன்னல் வழியே வந்து நின்றது.
அவர் கைக்குட்டையை நாலாக மடித்தார், எட்டாக,
பதினாறாக மடிக்கப் பார்த்தார்.

வெளிச்செல்லும் ஆவணப் பதிவேடு என்று ஒன்று உண்டு.
முதல் பக்கத்தில் ஆயுதபூஜைக் குங்குமம்,
மற்றதெல்லாம் வெள்ளை.
தேதி எழுதினேன். உறை எண் எழுதினேன்.
காரணம்: லேமினேஷன்.
திரும்பும் நாள் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
'கடை திறப்பதைப் பொறுத்து.'
கையெழுத்து: நா. பத்மாவதி. முத்திரை.

86-ஐ உருவும்போது
கூடவே சரிந்தது உறை எண் 31.
என் எம்.காம்.
சேர்ந்த அன்று நானே வாங்கி
நானே எண் போட்டது.
பத்திரமாகத்தான் இருக்கிறது.
ஓரத்தைத் தட்டி உள்ளே தள்ளினேன்.

ரசீது ஏதும் வேணுமா மேடம் என்று கேட்டார்,
ஒன்பது வருடப் பழக்கம்.
நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து எழுதினேன்:
சரக்கு: ஆள் ஒன்று.
எடை: பார்க்கவில்லை.
சேருமிடம்: சென்னை.
அவர் சிரித்தாரா, தெரியாது.
ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடினார்,
காக்கி உறையை
சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு.

இன்று ஒன்பது ஏழு.
எந்திரம் என் விரலை ஏற்கவில்லை.
மீண்டும் வைக்கவும் என்றது. மீண்டும் வைத்தேன்.
வேற விரல் வைங்க மேடம் என்றார் வாட்ச்மேன்.
கட்டைவிரலில்
நேற்றைய முத்திரை மை.